வீட்டில் அச்சடித்த துணியில் ஒட்டுத்துண்டுப் பாவாடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணியில் தாமே அச்சடித்து, அதைச் சதுரங்களாக வெட்டிச் சேர்த்துப் பாவாடை தைக்க உட்காருபவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. அளவுகள் எல்லாம் ஒரே பாவாடையை வைத்துச் சொல்லப்பட்டுள்ளன: இடுப்பு 72 செ.மீ., சீட் (இடுப்புக்குக் கீழே மிக அகலமான இடம்) 96 செ.மீ., நீளம் 63 செ.மீ. வேலையின் வரிசை இதுதான்: துவைத்தல், அச்சடித்தல், சூடு காட்டுதல், வெட்டுதல், தைத்தல். இங்கே வரும் கோளாறுகளில் பாதி, இந்த வரிசையில் ஒன்றை முன்பின்னாக மாற்றியதால் வருபவை.

1. எந்தத் துணி எடுக்கணும்? வீட்ல இருக்கிற எதுல வேணா அச்சடிக்கலாமா?

நூறு சதவீதப் பருத்தி, வெள்ளை அல்லது வெளிர் நிறம், நெருக்கமான நெசவு. பாப்ளின், கேம்பிரிக் இரண்டுமே நன்றாக வரும். மல்மல் போன்ற மெல்லிசுத் துணியில் அச்சு அழகாக விழும். ஆனால் உள்ளே இருக்கும் தையல் ஓரங்கள் எல்லாம் வெளியே நிழலாகத் தெரியும், வெட்டிய இடத்தில் இழையும் சீக்கிரம் பிரியும். கனத்த துணி எடுத்தால் நான்கு துண்டுகள் கூடும் மூலையில் ஊசி ஏறத் திணறும்.

பாலியஸ்டர் வேண்டாம். மை பிடிக்கத் தேவையான சூட்டில் அது பளபளப்பேறிச் சுருங்கும். பழைய பருத்தித் துணி தாராளமாக உதவும், சுருங்க வேண்டியதெல்லாம் அதில் சுருங்கி முடிந்திருக்கும். இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் அதைப் பாவாடைக்கு எடுக்காதீர்கள். அடர் நிறத் துணியும் ஆரம்பத்துக்கு ஏற்றதல்ல. சாதாரணத் துணி மையில் துணியின் நிறம் ஊடாகத் தெரியும். நீலத் துணியில் மஞ்சள் அச்சு மஞ்சளாக நிற்காது.

2. புதுத் துணியைத் துவைக்காம அச்சடிச்சா என்ன ஆகும்?

இரண்டு கெடுதல். புதுத் துணியில் கஞ்சியும் பளபளப்புக்கான பூச்சும் இருக்கும். மை இழைக்குள் இறங்காமல் அந்தப் பூச்சின் மேல் உட்காரும். முதல் துவைப்பில் பூச்சு போகும்போது அச்சும் கூடவே போகும். அடுத்தது சுருக்கம். பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குவது சகஜம். 5 சதவீதம் என்றால் 63 செ.மீ. பாவாடையில் 3 செ.மீ.க்கு மேல் காணாமல் போகும்.

கையில் தாங்க முடியாத அளவு சுடுநீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு அரை மணி ஊறவைத்து, கசக்கி, இரண்டு முறை அலசுங்கள். துணியை மெத்தென்றாக்கும் திரவம் எதுவும் சேர்க்கக் கூடாது, அதுவும் ஒரு பூச்சுதான். காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று உறிஞ்சினால் துணி தயார். முத்தாக நின்றால் இன்னொரு முறை துவைக்க வேண்டும்.

3. எத்தனை துண்டு வேணும், எவ்வளவு துணி வாங்கணும்?

பாவாடையின் சுற்றளவு, சீட் அளவைப் போல ஒன்றரை மடங்கு. 96-க்கு 144 வரும். தைத்து முடித்த சதுரம் 15 செ.மீ. என்று வைத்தால், அடுத்த முழுச் சதுரத்துக்கு ஏற்றி 150 செ.மீ., அதாவது சுற்றிலும் 10 துண்டு. உயரத்துக்கு 4 வரிசை, 60 செ.மீ. மேலே இடுப்புப் பட்டி 3 செ.மீ. ஆக மொத்தம் 40 துண்டு. சுற்றில் வரும் துண்டுகள் இரட்டைப்படையாக இருந்தால் இரண்டு பக்கவாட்டுத் தையலும் சரியாகப் பக்கத்தில் வந்து நிற்கும். பாக்கெட் வைக்கவும் அது உதவும்.

எல்லாப் பக்கமும் தையலுக்கு 1 செ.மீ. விட்டு, வெட்டும் அளவு 17 × 17 செ.மீ. (30 துண்டு). கடைசி வரிசைக்கு மட்டும் கீழ் மடிப்புக்காக உயரம் 19 செ.மீ. (10 துண்டு). இடுப்புப் பட்டியின் அகலம் 8 செ.மீ.; அதன் நீளம், ஒட்டுப்போட்டு வளையமாக்கிய பிறகு 150 செ.மீ. வர வேண்டும். 110 செ.மீ. அகலத் துணி சுருங்கி 105 ஆனாலும் ஒரு வரிசைக்கு 6 துண்டு வரும். நீளத்தில், 30 சதுரங்களுக்கு 85 (5 × 17), கடைசி வரிசைக்கு 38 (2 × 19), பட்டிக்கு 16 (2 × 8), கையிருப்பாக 6 துண்டுக்கு 17, ஆக 156 செ.மீ. சுருக்கத்தையும் அச்சு பழகிப் பார்ப்பதையும் சேர்த்து ஒன்றே முக்கால் மீட்டர் வாங்குங்கள். அந்தக் கையிருப்புத் துண்டுகளைச் சிக்கனம் பார்த்து விட்டுவிடாதீர்கள். ஏன் என்பது 17-ஆவது பதிலில் இருக்கிறது.

4. அச்சுக்கட்டை இல்ல. உருளைக்கிழங்குல செதுக்கினா போதுமா?

ஒரு மாலை வேலைக்குப் போதும். வெட்டிய முகத்தில் ஊறும் நீர் மையை நீர்க்கச் செய்யும்; ஆகவே செதுக்கியதும் துணியால் ஒற்றி, பத்து நிமிடம் கவிழ்த்து வையுங்கள். இடையிடையேயும் ஒற்ற வேண்டும். மறுநாள் அது சுருங்கிவிடும், அதே அளவு அச்சு திரும்ப வராது. 40 துண்டிலும் ஒரே உருவம் வேண்டுமென்றால் பெரிய ரப்பரிலோ லினோலியத்திலோ செதுக்குங்கள்.

5 செ.மீ.க்கு மேல் பெரிதாக இருக்கும் அச்சு, கை பழகாதவர்களுக்கு ஒருபக்கம் அழுந்தி ஒருபக்கம் விடும். சிறிய அச்சை நான்கு முறை வைப்பது மேல்.

5. போஸ்டர் கலர், அக்ரிலிக் பெயின்ட் இருக்கு. அதையே போடலாமா?

போஸ்டர் கலர் தண்ணீரில் கரைந்து போய்விடும். வெறும் அக்ரிலிக் நிற்கும், ஆனால் அட்டை போல விறைக்கும்; சுருக்கு விழ வேண்டிய பாவாடைக்கு அது பொருந்தாது. துணிக்கென்று விற்கும் கலவைத் திரவத்தைச் சேர்த்தால் அக்ரிலிக் ஓரளவு இளகும். சேர்க்க வேண்டிய அளவு பாட்டிலிலேயே இருக்கும்.

நல்ல வழி, துணி அச்சுக்கான பிக்மென்ட் (தண்ணீரில் கரையாத) நிறமும் பைண்டர் பசையும். நிறத்தை இழையோடு ஒட்டவைப்பது பைண்டர்தான். 100 கிராம் பைண்டருக்கு 3 கிராம் நிறத்தில் தொடங்குங்கள், 5 கிராம் வரை போகலாம். அடர்த்தி வேண்டுமென்று நிறத்தை மட்டும் அள்ளிப் போட்டால், ஒட்டிக்கொள்ளப் பசை போதாமல் உராயும் இடமெல்லாம் நிறம் உதிரும்.

6. கம்ப்யூட்டர் பிரிண்டர்ல துணியை விட்டு எடுக்கலாம்னு சொல்றாங்களே?

இங்க்ஜெட்டில் முடியும், லேசரில் கூடாது. லேசர் பிரிண்டர் உள்ளே மிகுந்த சூட்டில் வேலை செய்யும். துணி விறைப்பாக நிற்கப் பின்னால் ஒட்டும் தாளின் பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும். இங்க்ஜெட்டுக்கு, ஒரு பக்கம் பூச்சுள்ள ஃப்ரீசர் பேப்பரின் வழவழப்பான பக்கத்தைத் துணியின் பின்புறத்தில் வைத்து இஸ்திரி போட்டு ஒட்டி, ஏ4 அளவுக்கு வெட்டி, தொங்கும் நூல்களை நறுக்கிவிட்டுச் செலுத்த வேண்டும். ஒரு தாளுக்கு ஒரே ஒரு 17 செ.மீ. சதுரம்தான் தேறும்.

துவைப்பில் நிற்குமா என்பது மையைப் பொறுத்தது. பிக்மென்ட் மை ஓரளவு நிற்கும், டை மை (தண்ணீரில் கரையும் சாயம்) தண்ணீர் பட்டதும் ஓடும். பல பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற நிறங்கள் டை. அதனால் முழுப் பாவாடையையும் பிரிண்டரை நம்பித் தைக்காமல், நான்கைந்து துண்டுகளுக்கு மட்டும் பயன்படுத்தி, அவற்றைத் தனியாக அலசிச் சோதித்த பிறகு சேருங்கள்.

7. முழுத் துணில அச்சடிச்சுட்டு வெட்டணுமா, வெட்டிட்டு அச்சடிக்கணுமா?

முழுத் துணியில். வெட்டிய துண்டு ஈர மையால் கோணும், ஓரம் பிரியும். சதுரங்களை மெல்லிய பென்சில் கோட்டால் வரைந்து, அவற்றுக்குள் அச்சடித்து, காய்ந்து சூடு காட்டிய பிறகு வெட்டுங்கள். தானாக மறையும் பேனாவால் வரைந்திருந்தால் கோடு மறைவதற்குள் இஸ்திரி படக் கூடாது. சூடு பட்டால் சில பேனாக்களின் கோடு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

17 செ.மீ. சதுரத்தில் நடுவே பூ வைப்பதாக இருந்தால் அதை 13 செ.மீ.க்குள் அடக்குங்கள். ஓரத்தில் 1 செ.மீ. தையலுக்குள் போகும், இன்னொரு 1 செ.மீ. மூச்சுவிட இடம். பரவலான கோலம், கோடு, புள்ளி என்றால் கவலையே இல்லை, வெட்டுக்கோட்டைத் தாண்டியும் அடியுங்கள். ஒவ்வொரு சதுரத்தின் பின்புறமும் துணியின் நீளவாக்கைக் காட்டும் ஓர் அம்புக்குறி போட்டு வையுங்கள். 16-ஆவது பதிலில் அது தேவைப்படும்.

8. அச்சு திட்டுத்திட்டா விழுது. சில இடத்துல ஓரம் கசியுது.

திட்டுத்திட்டாக விழுந்தால் அடியில் மெத்தை போதவில்லை. கெட்டி மேசையின் மேல் அச்சு வைத்தால் மேடான இடம் மட்டுமே படும். நான்காக மடித்த கம்பளி, அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் ஒரு பழைய பருத்தித் துணி, இவற்றின் மேல் உங்கள் துணி. அச்சை வைத்ததும் முதுகில் கைமுட்டியால் ஒருமுறை குத்தி, ஆட்டாமல் நேராகத் தூக்குங்கள்.

ஓரம் கசிந்தால் மை நீர்த்திருக்கிறது, அல்லது அச்சில் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது. அச்சை மையில் நேரடியாகத் தோய்க்காதீர்கள். தட்டில் தட்டையான ஸ்பாஞ்ச் வைத்து, மையை அதில் பரப்பி, அதன் மேல் அச்சை இரண்டு முறை லேசாகத் தட்டி எடுங்கள். மை கெட்டித் தயிர் பதத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பத்து அச்சுக்கும் ஒருமுறை, செதுக்கிய பள்ளங்களில் தேங்கும் மையைப் பழைய பல்துலக்கியால் எடுத்துவிட்டால் கடைசித் துண்டும் முதல் துண்டைப் போலவே வரும்.

9. மை காஞ்சுடுச்சு. தைக்க ஆரம்பிக்கலாமா?

இன்னும் இல்லை. தொட்டால் ஒட்டாதது வேறு, துவைப்பில் நிற்பது வேறு. 24 மணி நேரம் நிழலில் காயவிட்டு, அதன் பிறகு சூடு காட்ட வேண்டும். பைண்டர் இறுகி இழையைப் பிடிப்பது அந்தச் சூட்டில்தான். இஸ்திரிப் பெட்டியைப் பருத்திக்கான சூட்டில், ஆவி இல்லாமல் வைத்து, துணியின் பின்பக்கத்தில் ஒரு சதுரத்துக்கு 4 நிமிடம் மெதுவாக நகர்த்திக்கொண்டே இருங்கள். அச்சுப் பக்கத்தின் கீழே ஒரு வெள்ளைத் துணி போடுங்கள்.

கையிருப்பு ஆறையும் சேர்த்து 46 சதுரத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். ஒரே மூச்சில் முடிக்க நினைத்து, கடைசி இருபது துண்டுகளை ஓட்டமாக ஓட்டிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. பிறகு அந்த இருபது மட்டும் மங்கும். இரண்டு நாளாகப் பிரித்துச் செய்யுங்கள். முடித்ததும் ஈர வெள்ளைத் துணியால் அச்சின் மேல் பத்து முறை தேயுங்கள். நிறம் ஏறினால் இன்னும் 3 நிமிடம் சூடு. தையலை முடித்துவிட்டு மொத்தமாகச் சூடு காட்டலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். தையல் மடிப்புகள் சேர்ந்த இடத்தில் சூடு ஒரே சீராக இறங்காது.

10. ஒட்டுத்தையல்னா கால் இன்ச்தானே விடுவாங்க? ஏன் 1 செ.மீ.?

கால் இன்ச் போர்வைக்கு உரிய கணக்கு. போர்வையில் உள்ளே பஞ்சும் பின்னால் இன்னொரு துணியும் இருப்பதால் ஓரங்கள் மூடப்பட்டுவிடும், இழுவிசையும் குறைவு. பாவாடையை உடுத்தி உட்கார்ந்து எழும்போது தையல் ஒவ்வொன்றும் இழுபடும். உள்ளே ஓரம் திறந்தே இருக்கும். 1 செ.மீ. விட்டு, இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக் அடித்தால் பிரியாது. இந்த ஓர வேலையை ஒவ்வொரு தையலும் முடிந்த உடனேயே செய்யுங்கள். குறுக்குத் தையல் விழுந்த பிறகு அந்த ஓரம் கைக்கு எட்டாது.

11. துண்டுகளை எந்த முறையில அடுக்கினா நல்லா இருக்கும்?

தரையில் 10 × 4 ஆகப் பரப்பி, தூர நின்று பார்த்து, ஒரு புகைப்படம் எடுத்து அதைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போனதும் அடர்த்தி மட்டும் தெரியும். அடர்ந்த துண்டுகள் ஒரே பக்கம் குவிந்திருந்தால் உடனே கண்ணில் படும். அடர்த்தியானவை கீழ் வரிசைகளில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பாவாடை கனம் பெற்றுத் தொங்குவது போலத் தோன்றும்.

பத்தாவது துண்டு முதல் துண்டோடு சேரப்போகிறது என்பதை மறக்காதீர்கள். பரப்பியிருக்கும்போது அவை எதிரெதிர் ஓரத்தில் இருப்பதால், ஒரே அச்சு இரண்டிலும் விழுந்து ஒட்டிக்கொண்டு நிற்கும்.

12. எவ்வளவு கவனமா தைச்சாலும் மூலைகள் சேரவே மாட்டேங்குது.

தையல் இடம் 1 செ.மீ.க்குப் பதில் 1.2 செ.மீ. ஆகிவிட்டால் ஒரு தையலுக்கு 4 மி.மீ. போகும். சுற்றிலும் 10 தையலில் 4 செ.மீ. ஒரு வரிசை அப்படியும் அடுத்த வரிசை சரியாகவும் தைக்கப்பட்டால் எந்த மூலையும் சேராது. ஊசியிலிருந்து 1 செ.மீ. தள்ளி மெஷின் தட்டில் ஒரு தடித்த டேப் ஒட்டி, துணி ஓரத்தை அதில் உரசியபடியே ஓட்டுங்கள். கண்ணால் பார்த்து ஓட்டினால் இந்த வேலை நிற்காது.

தைக்கும் முறை: முதலில் பத்துப் பத்தாகச் சேர்த்து நான்கு நீள வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் 152 செ.மீ. இருக்கிறதா என்று அளந்துவிட்டு, 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கேயே திருத்துங்கள். பிறகு முதல் வரிசையின் தையல் ஓரங்களை எல்லாம் வலப்பக்கம், இரண்டாவதை இடப்பக்கம் என்று மாற்றி மாற்றிச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். வரிசைகளை முகம் பார்க்க வைக்கும்போது இரண்டு தடிப்பும் ஒன்றோடொன்று பல்லைப் போலப் பொருந்தி நிற்கும். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தைத்தால் மூலை நகராது. நான்கு வரிசையும் சேர்ந்த பிறகுதான் பக்கவாட்டை மூடி வளையமாக்க வேண்டும்.

13. ஊசி தையல் விட்டுவிட்டுப் போகுது. அச்சு மேல ஓட்டும்போது துணி நகர மாட்டேங்குது.

காய்ந்த மை ஒரு மெல்லிய ரப்பர் படலம் மாதிரி. ஊசியில் அது படிந்தால் தையல் தாவும். புதிதாக 80 எண் ஊசி போட்டு, இடையிடையே ஈரத்துணியால் துடையுங்கள். தடித்த அச்சென்றால் 90 எண். தையல் நீளம் 2.5 மி.மீ. பிரஷர் ஃபுட்டின் அடியில் ஒட்டினால் டெஃப்லான் ஃபுட் போடலாம், அல்லது அச்சின் மேல் மெல்லிய டிஷ்யூ தாள் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுக்கலாம். நிறம் விரலிலேயே ஒட்டுகிறதென்றால் மெஷினைக் குறை சொல்ல வேண்டாம், 9-ஆவது பதிலுக்குத் திரும்பிப் போங்கள்.

14. தப்பா தைச்சதைப் பிரிச்சேன், வரிசையா வெள்ளைப் புள்ளி தெரியுது.

ஊசி துளைத்த இடத்தில் மைப் படலம் உடைந்து கீழுள்ள வெள்ளை தெரிகிறது. இழை கூடிக்கொள்ளும், மை கூடிக்கொள்ளாது. நல்ல பக்கத்தில் விழும் புள்ளிகளுக்கு, அதே மையைப் பல்குச்சி நுனியில் தொட்டுப் பொட்டு வைத்து, காய்ந்ததும் சூடு காட்டுங்கள். அடுத்த முறை, சந்தேகமான இடங்களில் முதலில் கையால் பெரிய தையலாக ஓட்டிப் பார்த்துவிடலாம். குண்டூசியும் தையல் இடத்துக்குள்ளேயே குத்தப்பட வேண்டும்.

15. இடுப்புக்கு எலாஸ்டிக் எப்படி வைக்கணும்? பேட்ச் துணியையே மடிச்சுக்கலாமா?

மடிக்க வேண்டாம். சதுரங்களின் தையல் தடிப்பு இரட்டிப்பாகி, எலாஸ்டிக் அங்கே சிக்கிக்கொள்ளும், இடுப்பிலும் உறுத்தும். அச்சில்லாத தனிப் பட்டிதான் சரி. 8 செ.மீ. பட்டியை வளையமாக்கி, ஒரு ஓரத்தைப் பாவாடையின் மேல் ஓரத்தோடு 1 செ.மீ.யில் தைத்து, மறு ஓரத்தை 1 செ.மீ. உள்ளே மடித்து, பட்டியைப் பாதியாக மடக்கி உட்புறம் தையுங்கள். நடுவில் 5 செ.மீ. திறப்பு விட வேண்டும். 3 செ.மீ. குழலுக்கு 2.5 செ.மீ. அகல எலாஸ்டிக் தாராளமாகப் போகும்.

எலாஸ்டிக் நீளம் இடுப்பை விட 5 செ.மீ. குறைவு, கூடவே மேலேற்றித் தைக்க 2 செ.மீ. 72-க்கு 69 செ.மீ. வெட்டுங்கள். ஊக்கு மாட்டிக் கோத்து, உடுத்திப் பார்த்துவிட்டு எலாஸ்டிக்கின் இரு முனைகளையும் சேர்த்துத் தையுங்கள். எலாஸ்டிக் உள்ளே முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, இரண்டு பக்கவாட்டிலும் பட்டியோடு சேர்த்து மேலிருந்து கீழாக ஒரு தையல் போட்டால் போதும்.

பாக்கெட் வேண்டுமென்பவர்கள் முதல் வரிசையின் பக்கவாட்டுத் தையலை மூடாமல் விட்டு, அதில் மெல்லிய வெறுந்துணிப் பையைத் தைக்கலாம். 15 செ.மீ. திறப்பு கைக்குச் சரியாக இருக்கும்.

16. கீழ் ஓரம் ஒரு பக்கம் இறங்கித் தொங்குது. அளந்துதானே வெட்டினேன்?

அளவு சரியாகவே இருந்திருக்கும், துண்டுகளின் வாக்குதான் மாறியிருக்கிறது. துணி நீளவாக்கில் குறைவாகவும், அகலவாக்கில் சற்று கூடுதலாகவும், மூலைக்கு மூலை சாய்வாக மிகவும் அதிகமாகவும் இழுபடும். பூ நேராக வருவதற்காகச் சில சதுரங்களைத் திருப்பி வைத்தால் அந்தப் பத்தி மட்டும் இறங்கும். 7-ஆவது பதிலில் சொன்ன அம்புக்குறிகள் எல்லாம் மேல்-கீழாக நிற்குமாறு அடுக்கினால் இது வராது.

ஏற்கெனவே தைத்தாகிவிட்டதா? இடுப்புப் பட்டியோடு ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள், இறங்குவது இறங்கட்டும். பிறகு உடுத்திக்கொண்டு, தரையிலிருந்து ஒரே உயரத்தில் சுற்றிலும் இன்னொருவரைக் குறிக்கச் சொல்லி, அந்தக் கோட்டில் 1 செ.மீ., அதன் மேல் 2 செ.மீ. மடித்துத் தையுங்கள். மடிப்பு எப்போதும் கடைசி வேலையாகவே இருக்கட்டும்.

லைனிங் வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். பாப்ளின் என்றால் அவசியமில்லை. வைப்பதாக இருந்தால் அதையும் 2-ஆவது பதிலின்படி துவைத்துவிட்டு, பாவாடையை விட 3 செ.மீ. குட்டையாக, இடுப்பில் மட்டும் பிணைத்து விடுங்கள்.

17. எப்படித் துவைக்கணும்? ஒரு துண்டு மட்டும் மங்கிப் போனா என்ன செய்யறது?

சூடு காட்டிய பிறகு ஒரு வாரம் தண்ணீர் படாமல் இருப்பது நல்லது. அதன் பிறகு உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பில். ஊறவைப்பதும் பிரஷ் போடுவதும் பிளீச்சும் ஆகாது. நிழலில் உலர்த்தி, இஸ்திரியும் உள்பக்கமே.

மங்கிய அல்லது கிழிந்த துண்டை மாற்றுவதற்கு முழுப் பாவாடையையும் பிரிக்க வேண்டியதில்லை. கையிருப்பில் இருக்கும் 17 செ.மீ. துண்டை எடுத்து, நான்கு ஓரமும் 1 செ.மீ. உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, பழைய துண்டின் மேல் தையல் கோட்டுக்குக் கோடு பொருத்தி, ஓரத்தில் 2 மி.மீ. உள்ளே தள்ளித் தையுங்கள். கடைசி வரிசைத் துண்டென்றால் கீழ் மடிப்பை அந்த இடத்தில் மட்டும் பிரித்துக்கொண்டு, 19 செ.மீ. உயரத் துண்டைப் பயன்படுத்த வேண்டும். கையிருப்புத் துண்டையும் பாவாடையோடு சேர்த்தே ஒவ்வொரு முறையும் துவைத்து வாருங்கள். இல்லாவிட்டால் மாற்றிய இடம் மட்டும் புத்தம் புதிதாகத் தனித்து நிற்கும்.